சுண்ணாம்பு மண்ணில் ஒரு பிற்பகல்

அவளை எல்லோரும் ஒட்டு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒயினுக்காகத் திராட்சை வளர்க்கும் தோட்டம் ஒன்றில் ஒட்டுக் கட்டுவது அவள் வேலை. நல்ல ரகத்தை அப்படியே மண்ணில் நட்டால் வேர்ப்பேன் என்ற பூச்சி வேரை அரித்துத் தீர்த்துவிடும். அதனால் பேனுக்கு அசைந்து கொடுக்காத காட்டுத் திராட்சையின் தண்டை அடியில் வைத்து, நல்ல ரகத்தின் குச்சியை அதன்மேல் பொருத்துவார்கள். இரண்டிலும் ஒரே சாய்வில் வெட்டு விழவேண்டும். ஒன்றின் பட்டைக்குள் இருக்கும் பச்சை மற்றதன் பச்சையைத் தொடவேண்டும். மயிரிழை தவறினாலும் சேராது. அவள் கட்டியது பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

நாற்பத்தைந்தைத் தாண்டியும் அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தங்கை வீட்டு மாடி அறையில் இருந்தாள். தங்கையின் கணவர் அதே தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுபவர், கொஞ்சம் வாய் நீளம். ஊரிலுள்ள செடிக்கெல்லாம் ஜோடி சேர்க்கிறவளுக்குத் தனக்கொன்று பார்க்கத் தெரியவில்லையே என்பார். அவள் சிரித்துவிட்டுத் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்வாள். வந்த வரன்கள் அவள் சம்பளத்தைக் கேட்டார்களே தவிர, வேலையைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

தோட்டத்தின் கீழ்க்கோடியில் ஒரு தொல்லை இருந்தது. வருஷா வருஷம் துளிர்த்த இலைகள் சில வாரத்திலேயே மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். முதலாளியம்மா உரத்தை மாற்றிப் பார்த்தார், தண்ணீரைக் குறைத்துப் பார்த்தார். கடைசியில் மண்ணைத் திறந்தே பார்த்துவிடலாம் என்று, குழி வெட்டி மண் பார்த்துச் சொல்லும் ஒருவரை வரவழைத்தார்.

குழிக்காரர் தனிக்கட்டை. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர் என்று பேர். ஆளுயரத்துக்கு மேல் வெட்டி முடித்ததும், இந்தக் கொடிகளை ஒட்டியவர் வந்து வேரைப் பார்த்தால் நல்லது என்று சொல்லி அனுப்பினார். அவள் ஏணி வைத்து இறங்கினாள்.

குழிச்சுவரில் இடுப்பளவுக்குக் கறுத்த மண், அதன்கீழ் வெளுத்த மண். நேராக இறங்கிய வேரெல்லாம் வெள்ளையைத் தொட்டதும் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. அவர் வெள்ளை மண்ணில் சில சொட்டு வினிகர் விட்டார். சுர்ரென்று நுரைத்தது. சுண்ணாம்பு. அது இருக்கிற இடத்தில் மண்ணிலுள்ள இரும்புச் சத்தை இந்த வேரால் எடுக்க முடியாது, இலை வெளுக்கத்தான் செய்யும் என்றார். அடியில் வைக்கச் சுண்ணாம்பைத் தாங்குகிற காட்டுத் திராட்சையும் உண்டு, அதில் கட்டித் தருகிறேன் என்றாள் அவள்.

ஏறலாம் என்று திரும்பினால் ஏணியைக் காணோம். கொட்டகை விளக்கை மாற்ற, உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் தங்கையின் கணவர் தூக்கிப் போயிருந்தார். கூப்பிட்டுப் பார்த்தார்கள். டிராக்டர் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார்கள். அவர் ரொட்டியையும் அவித்த முட்டையையும் பங்கிட்டார். பிறகு, வெட்டுப்பட்ட இரண்டு செடி எப்படி ஒன்றாகிறது என்று கேட்டார். அவள் இரண்டு விரல்களைச் சேர்த்துவைத்துச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் இடையிடையே கேள்வி கேட்டார், அதுவும் சரியான கேள்வியாக. வெயில் சுவரேறிப் போனதை இருவருமே கவனிக்கவில்லை.

சாயங்காலம் தங்கையின் கணவர் தலையைச் சொறிந்துகொண்டே ஏணியோடு வந்து சேர்ந்தார். அவள் ஏறி மேலே வந்தாள். குழிக்காரர் ஏணியைத் தொடவில்லை. குழியின் மூலையில் சுவரோடு மாட்டியிருந்த சாக்கை எடுத்தார். அதன் பின்னால் கால் வைத்து ஏற வாகாக மண்ணிலேயே படி வெட்டியிருந்தது. அதில் ஏறி வந்து நின்றார்.

"படி இருந்துச்சா? ஏன் சொல்லல?" என்றாள்.

"சொன்னா போயிருப்பீங்க."

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வரப்பில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் கைமண்ணைத் தட்டிக்கொண்டே நின்றார். வீட்டுக்குப் போனதும் தங்கையிடம், "அந்த மனுஷனைப் பத்தி விசாரிச்சுப் பாரு, எனக்குப் பிடிச்சிருக்கு" என்று சொன்னாள். தங்கை அடுப்பை அணைத்துவிட்டு அப்போதே செருப்பை மாட்டினாள்.

அடுத்த நடவுக்கு முன் கல்யாணம் முடிந்தது. கீழ்க்கோடியில் பழைய கொடிகளைப் பிடுங்கி, அவள் புதிய வேரில் கட்டிய செடிகளை நட்டார்கள். குழிகளை அவரே வெட்டினார். கோடை முழுக்க இலை பச்சையாகவே இருந்தது. மூன்றாம் வருஷம் கொத்துகள் சின்னதாகத்தான் வந்தன. வாசனை மட்டும் தூக்கலாக இருந்தது. அதில் எடுத்த ஒயினை முதலாளியம்மா கொட்டகையில் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார். ஒட்டு அக்கா ஒரு மடக்கு குடித்து, கன்னம் சிவந்து, புருஷனின் கோப்பையையும் பிடுங்கிக்கொண்டாள்.