முந்தானையில் நூற்று நாற்பது அடி

சென்னைப் புறநகர் அஸ்தினாபுரத்தில் யூனிஸிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். சொன்ன தேதியில் தரமாட்டாள். தந்தால் குறை சொல்ல இடமிருக்காது. ஒரு தையல் அரை நூல் விலகியிருந்தாலும் மொத்தத்தையும் பிரித்துவிடுவாள். அவள் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. தங்கை ஹெப்சியைத்தான் எம்.எஸ்ஸி. வரை படிக்கவைத்தாள். அந்தத் தங்கை சிட்லபாக்கத்தில் சுயேச்சையாக நின்று கவுன்சிலரான பிறகு, கடையில் அளவு எடுக்கும்போதுகூட யூனிஸின் வாய் சும்மா இருக்கவில்லை.

"கை பன்னெண்டு இன்ச்... எங்க ஹெப்சி நானூத்திப் பதினோரு ஓட்டுல ஜெயிச்சா... கழுத்து ஏழு."

ஹெப்சிக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. பாக்கியம் தெருவின் மழைநீர் வடிகால், ஏரிக் கால்வாயைத் தொடாமல் பாதியில் நின்றுபோயிருந்தது. போன மழையில் அந்தத் தெருவில் கட்டில் கால்வரை தண்ணீர். இந்த ஐப்பசிக்குள் முடிக்காவிட்டால் இந்த வருஷமும் அதே கதிதான். நான்கு மனு கொடுத்துவிட்டாள். ஆனால் மாநகராட்சிப் பொறியாளர் போன் செய்தால் முதலில் கேட்பது, "சார் இருக்காருங்களா?"

சார் என்றால் ஹெப்சியின் கணவன் ஜெஃப்ரி.

"நான் வெண்டைக்காய் நறுக்கிக்கிட்டு இருக்கேன் சார். கவுன்சிலர்கிட்ட குடுக்கறேன்."

"பரவால்ல, உங்ககிட்டயே சொல்லிடறேனே."

"எனக்குச் சொல்லி என்ன சார் பிரயோஜனம்? நான் பேங்க்ல கேஷியர்."

சரி, பத்திரிகையில் வந்தாலாவது அசைவார்கள் என்று, வீட்டு வாசல்களில் இலவசமாக வந்து விழும் 'புறநகர் மணி' வாரப் பத்திரிகையின் நிருபர் ஷ்யாம்சுந்தரை ஹெப்சி கூப்பிட்டாள். வடிகால் நின்றுபோன பள்ளத்தின் ஓரமாக அரை மணி நேரம் நிற்கவைத்து விளக்கினாள். ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வந்தது. 'பச்சை பார்டரில் பளிச்! மீன் குழம்பில் கைதேர்ந்த கவுன்சிலர்!' வடிகாலைப் பற்றி ஒரு வரி இல்லை. பக்கத்திலேயே அடுத்த வார்டு கவுன்சிலரின் மூன்று கோரிக்கைகள், வரிக்கு வரி.

"அந்த ஆளு என்ன கலர் சட்டை போட்டிருந்தாருன்னு எவனாவது எழுதியிருக்கானா பாரு!" என்று யூனிஸ் கத்திரிக்கோலை மேசைமேல் வைத்தாள்.

"விடுக்கா. அவங்களுக்குப் புடவைதான் கண்ணுக்குத் தெரியுது."

யூனிஸ் தங்கையின் புடவையை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "அடுத்த விழா எப்போடி?"

"பத்து நாள்ல. பூங்கா திறப்பு."

மறுநாள் காலை யூனிஸ் தையல் டேப்போடு பாக்கியம் தெருவில் குனிந்துகொண்டிருந்தாள். டேப்பின் நீளம் ஐந்தடி. இருபத்தெட்டு முறை வைத்து எடுத்தாள். 'கொஞ்சம்தான் பாக்கி' என்று அலுவலகத்தில் சொல்லிக்கொண்டிருந்தது நூற்று நாற்பது அடி! கடைக்கு வந்ததும் வெள்ளைச் சேலை ஒன்றின் முந்தானையை ஃபிரேமில் இழுத்துக் கட்டினாள். பத்தடிக்கு ஓர் இன்ச் கணக்கு. கட்டி முடித்த வடிகால் நீல நூலில், பாக்கி பதினாலு இன்ச் சிவப்பில், முனையில் சமிக்கி வைத்த ஏரி. அடியில் ஆரி ஊசியால் எழுத்து: 'பாக்கியம் தெரு வடிகால். பாக்கி 140 அடி. மனு கொடுத்தது நான்கு முறை.'

பூங்கா திறப்பு விழாவில் ஷ்யாம்சுந்தர் எதிர்பார்த்தபடியே ஓடிவந்தான்.

"மேடம், புடவை சூப்பர்! எங்க வாங்கினீங்க?"

"எங்க அக்கா கைவேலை. முந்தானையை நல்லா பக்கத்துல எடுங்க தம்பி" என்று ஹெப்சி விரித்துக் காட்டினாள்.

எடுத்தான். படிக்கத்தான் இல்லை. கிறிஸ்தவப் பெண், கீழே எழுத்து. வேதவசனம் என்று அவனே முடிவுகட்டிக்கொண்டான். ஞாயிறன்று அரைப் பக்கக் கலர் படம்: 'கொடியோடும் முந்தானையில் பக்தி மணம்!'

சிட்லபாக்கத்தில் ஓய்வுபெற்றவர்கள் அதிகம். அச்சிட்டவர் விலாசம்வரை படித்துவிட்டுத்தான் பேப்பரைக் கீழே வைப்பார்கள். பாக்கியம் தெரு வைத்தீஸ்வரன் பூதக்கண்ணாடியை வைத்துப் பக்தி மணத்தைப் படித்தார். இரண்டாவது காபிக்குள் அது காலனி வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் சுற்றிவிட்டது. திங்கட்கிழமை நாற்பது பெரியவர்கள் பொறியாளர் அறை வாசலில், ஆளுக்கொரு பேப்பரோடு.

புதன்கிழமை பள்ளம் தோண்டும் இயந்திரம் வந்தது. அடுத்த வார இறுதியில் போனும் வந்தது.

"மேடம் இருக்காங்களா?"

"சார் இருக்கேன், பரவால்லயா?" என்றான் ஜெஃப்ரி.

"வேணாங்க. மேடம்கிட்டயே குடுங்க. வேலை முடிஞ்சிடுச்சு."

ஹெப்சி குதித்தாள். யூனிஸ் குதிக்கவில்லை, டேப்பை எடுத்துக்கொண்டு போனாள். இருபத்தாறு முறைதான் வந்தது. நூற்று முப்பது அடி. சிவப்பு நூலில் பதிமூன்று இன்ச்சைப் பிரித்து நீலம் போட்டாள். ஓர் இன்ச்சைத் தொடவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு ஹெப்சி அதே சேலையில் போனாள். பொறியாளர் வணக்கம் சொல்வதற்குமுன் முந்தானையைத்தான் பார்த்தார்.

"மேடம், அந்த ஒரு இன்ச்சு...?"

"அதை எங்க அக்காகிட்டதான் சார் கேக்கணும். டேப் அவங்க கையில இருக்கு."

பொறியாளர் ஒரு எட்டு எடுத்துவைத்து, முந்தானையை மறைத்தபடி ஷ்யாம்சுந்தரின் கேமராவுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

கடைசிப் பத்தடியும் கால்வாயைத் தொட்ட மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. யூனிஸ் குடையோடு போய்ப் பார்த்தாள். தெருத் தண்ணீர் முழுதும் சளசளவென்று ஏரிக்கு ஓடிக்கொண்டிருந்தது. வைத்தீஸ்வரன் வீட்டுப் படி காயாவிட்டாலும் உள்ளே தரை காய்ந்திருந்தது.

கடைக்குத் திரும்பி, மிச்சமிருந்த சிவப்பை உருவிவிட்டு நீலத்தைப் போட்டாள். திருப்பிப் பார்த்தாள். கடைசித் தையல் ஒன்று அரை நூல் விலகியிருந்தது.

பிரித்தாள்.