மொட்டைப் பெட்டியின் மணி

என் வீட்டுக்காரருக்கு மைக் செட் தொழில். ஆளுயர ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்தில் நின்றே பாதி ஆயுள் போய்விட்டது. "என் காதுதான் எனக்குச் சோறு" என்பார். சும்மா சொல்லக் கூடாது, ஒரு காலத்தில் கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டே எந்த ஸ்பீக்கர் கரகரக்கிறது என்று சொல்லிவிடுவார்.

கொஞ்ச காலமாக என்னிடம், "வாய்க்குள்ளயே முனகாதே" என்று ஒரே குற்றச்சாட்டு. நானா முனகுகிறவள்? நான் வீட்டுக்குள் பேசினால் தெருக்கோடியில் இருப்பவர்கள் பதில் சொல்வார்கள். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. டாக்டரிடம் காட்டலாம் என்றால் எரிந்து விழுவார். நானும் பேச்சை விட்டுவிட்டேன்.

பெரிய செட்டை வாடகைக்குக் கேட்டு வருகிறவர்கள் குறைந்த பிறகு, கிளினிக்குகளில் டோக்கன் நம்பர் கூப்பிடும் பெட்டி வைத்துக் கொடுக்க ஆரம்பித்தார். சீட்டுக்கட்டு அளவில் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர். ஸ்கிரீன், கீபோர்டு எதுவும் கிடையாது, லேப்டாப்பிலிருந்துதான் அதை மேய்க்க வேண்டும். மொட்டைப் பெட்டி என்று பெயர் வைத்திருந்தார். முதலில் 'டிங்' என்று மெல்லிசான கீச்சுச் சத்தத்தில் மணி அடிக்கும், அப்புறம் நம்பர் சொல்லும்.

ஒரு நாள் காலையில் கிளினிக் கவுன்டர் பெண் போன் செய்து பெட்டியில் சத்தமே வரவில்லை என்றாள். "வயரைப் புடுங்கிட்டு என்னைக் கேக்குறியா?" என்று வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, சாப்பாட்டுப் பையைக்கூட மறந்துவிட்டு ஓடினார்.

மதியம் பையை எடுத்துக்கொண்டு நான் போனேன். தெருமுனையிலேயே டிங், டிங் என்று காதைக் கிழித்தது. நோயாளிகள் எல்லோரும் வாசலில் நின்றார்கள். உள்ளே கவுன்டர் பெண் இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். காலையில் வாங்கிய திட்டுக்குப் பிறகு அவள் எதற்கு வாயைத் திறக்கப் போகிறாள்? இவரோ அவளுக்கு முதுகைக் காட்டியபடி லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தார். சுற்றிலும் கழற்றிப் போட்ட வயர்கள்.

என்னைக் கண்டதும் கொட்டித் தீர்த்தார். நேற்று ராத்திரி வீட்டிலிருந்தபடியே அப்டேட் போட்டாராம். அதில் சத்தம் ஸ்பீக்கருக்குப் போகாமல் டிவி சொருகுகிற ஓட்டைக்குத் திரும்பிவிட்டதாம். அங்கே டிவியே இல்லை. அதைச் சரிசெய்தாயிற்று, வயரை மாற்றியாயிற்று, வால்யூமை முழுசாக ஏற்றியாயிற்று, இன்னும் மணி வரவில்லையாம். சொல்லிவிட்டு, மணி அடிக்க லேப்டாப்பில் மறுபடி ஒரு தட்டு தட்டினார். எனக்கு உடம்பு தூக்கிப் போட்டது. அவர் ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"வருதா?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. வாசலில் அத்தனை பேர் நிற்கிறார்களே.

"வருதுங்க. குறைங்க."

அவர் திரும்பினார். அப்போதுதான் அந்தப் பெண்ணின் காதில் இருந்த விரல்களைப் பார்த்தார், அப்புறம் வாசலைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. எனக்கு அவரைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. இத்தனை நாள் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான்தானே.

"நீயே சொல்லும்மா, எவ்வளவு போதும்னு" என்றார் அந்தப் பெண்ணிடம், தலையைத் தூக்காமல். ஒவ்வொரு படியாகக் குறைத்தார். போதும் என்று அவள் கையைத் தூக்கினாள். மணி இதமாக அடித்தது. அவர் அவளுடைய கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டுப் பையைப் பிரிக்காமலேயே கிளம்பினோம். பாதி வழியில் கேட்டார், எத்தனை நாளாக எனக்குத் தெரியும் என்று. முனகாதே என்று திட்ட ஆரம்பித்த நாளிலிருந்து என்றேன், அவர் பக்கம் நன்றாகத் திரும்பி. அவர் நடுத்தெருவில் நின்று என் பக்கம் திரும்பினார்.

"நான் இப்ப சத்தமாவா பேசுறேன்?"

"இல்லைங்க" என்றேன். எதிரே வந்த இரண்டு பேர் எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.