ராய்லியின் முதுகு

பின்லாந்தின் தம்பெரே ஊரில் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவள் ராய்லி கெத்துனென். பனிப்புயலிலும் ஒரு நிமிடம் தாமதித்ததில்லை. ஓடி வருகிறவர்களுக்காக நின்றதும் இல்லை. அவ்வளவு பிடிவாதம். ஓய்வு பெற்றபின் வாரம் இரண்டு நாள் எங்கள் பெண்கள் கூட்டத்தோடு ஏரிக்கரை சவுனாவில், அடுப்பு வைத்த அந்த நீராவி அறையில், வெந்து, உறைந்த ஏரியில் வெட்டிய குழியில் முங்கி எழுவதுதான் அவளுக்கு உயிர்.

சவுனாவில் எல்லாரும் பிறந்தமேனிதான். அதனாலேயே ஒரு கட்டுப்பாடு: அடுத்தவள் உடம்பைக் கண் பார்த்தாலும் வாய் பேசக்கூடாது. நானும் அப்படி வளர்ந்தவள்தான்.

ஜனவரியில் அவள் தோள்பட்டைக்குக் கீழே பட்டாணி அளவில் சிவப்பாக ஒரு கட்டி. அவளுக்குப் பின்னால் மேல்பலகையில் உட்காரும் என் கண்ணுக்கு நேரே இருந்தது. மூன்றே வாரத்தில் திராட்சை அளவாகி ஊதா நிறம் ஏறியது. கட்டுப்பாடாவது மண்ணாவது என்று, முதுகில் அது என்ன கட்டி எனக் கேட்டுவிட்டேன். மற்ற ஆறு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அடுப்பு சுட்டிருக்கும். உன் முதுக நீ பாருடி, எல்ஸா."

"சுட்டா வலிக்கணும். வலிக்குதா?"

"இல்ல."

"வலிக்காம வளருதே, அதான்டி பயமாருக்கு."

அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். நான் விடுவேனா? சவுனாவுக்குப் போகும்போதெல்லாம் எல்லார் முன்னாலும் டாக்டரைப் பார்த்தாயா என்று கேட்டேன். என் வாயை அடைக்கவே இரண்டாம் வாரம் போனாள்.

சதைத் துணுக்கைச் சோதித்ததில் மெர்க்கல் செல் புற்றுநோய் என்று வந்தது. தோலில் அபூர்வமாக வருவது, வந்தால் நின்று நிதானிக்காதது. நல்லவேளை, அக்குளின் நிணநீர் முடிச்சுக்குக்கூடப் பரவவில்லை. வெட்டி எடுத்துக் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். இன்னும் இரண்டு மாதம் விட்டிருந்தால் கதையே வேறு என்றாராம் டாக்டர். அதைக் கேட்டு நான் அழுதேன், அவள் அழவில்லை.

அடுத்த ஜனவரியில் குழியில் முங்கி, உடம்பெல்லாம் சிவந்து, ஜெயித்தவளாய் உள்ளே வந்தாள். தழும்பை எங்களுக்குக் காட்டினாள்.

"எல்லாரும் திரும்புங்கடி. இனிமே முதுகக் காட்டாம ஒருத்தியும் பலகை ஏறக்கூடாது."

ஏழு பேரும் திரும்பினோம். என்னிடம் வந்ததும் நின்றாள்.

"இடுப்புல இந்த மச்சம் புதுசு. வியாழக்கிழமை எட்டு மணிக்கு டாக்டர்கிட்ட போறோம்."

மச்சம் வெறும் மச்சம்தான். ஆனால் அந்த வியாழக்கிழமை காலை, ஓடி வருகிறவர்களுக்கும் நிறுத்தாத ராய்லி, நான் பூட்ஸ் மாட்டி வரும்வரை என் வாசலில் காரை நிறுத்திக் காத்திருந்தாள்.