இரண்டாவது எண்ணெய்த் தாங்கி

அண்ணா கொழும்புக்கு வந்தது பிக்கப்பைத் திருத்தத்தான். கிளிநொச்சிப் பக்கத்தில் நெல்லும் தேங்காயும் ஏற்றி ஓடுவது அவருடைய தொழில். மாரி காலத்தில் அந்த வயல் பாதைகளில் பின்சில்லு மட்டும் சுற்றினால் வாகனம் சேற்றிலேயே கிடக்கும். முன்சில்லுகளும் சேர்ந்து இழுக்க வேண்டும். அந்த இழுவைதான் பழுதாகியிருந்தது. அதற்கான சாமான் அங்கே கிடைக்காது. போர்நிறுத்தத்தால் வடக்குக்கும் கொழும்புக்கும் இடையில் பாதை திறந்திருந்த காலம் அது. அண்ணியையும் மகளையும் வீட்டில் விட்டு, ஒரு கிழமையில் வந்துவிடுவேன் என்று சொல்லிப் புறப்பட்டிருந்தார்.

நானும் என் கணவரும் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஒரு மாடிவீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். அண்ணா பிக்கப்பைக் கொட்டாஞ்சேனையில் ஒரு கராச்சில் விட்டுவிட்டு எங்கள் முன்னறையில் பாய் விரித்துப் படுத்தார். கியர் பெட்டியைக் கழற்றிச் சாக்கில் பரப்பிவைத்திருந்த கிழமையில்தான் சண்டை மறுபடி மூண்டு, பாதையைப் பூட்டினார்கள்.

"ரெண்டு மூண்டு நாளில திறந்திடுவாங்கள்" என்றார். பாதை திறக்கவில்லை. பிக்கப் திருந்திவிட்டது.

போக வழியில்லாத வாகனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவர் மேலும் மேலும் அதைத் திருத்தத் தொடங்கினார். கையில் காசு இல்லாதபடியால் புதிதாக எதையும் வாங்கவில்லை. பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் கடைகளில் அலைந்து, லொறியில் கழற்றிய வில்லுத் தகடுகளைக் கொண்டுவந்து அளவுக்கு வெட்டிப் பூட்டி, பின்பக்கத்தை உயர்த்தினார். உடைத்துப்போட்ட வான் ஒன்றின் இருக்கையைப் பின்பெட்டியில் பொருத்தினார். மகளும் அண்ணியும் வெயில் படாமல் இருக்கட்டும் என்று அதற்கு மேல் தகரக் கூரை போட்டார். பிக்கப்பை எங்கள் ஒழுங்கைக்கே கொண்டுவந்து, மதிலோரம் நிறுத்தி, அதன் அடியில் படுத்துக் கிடப்பார். வெளியே கால்கள் மட்டும் தெரியும். அந்த நேரத்தில் மட்டும்தான் அவர் வானொலிச் செய்தி கேட்காமல் இருந்தார்.

எப்போதாவது அண்ணியிடமிருந்து தொலைபேசி வரும். அண்ணா பேசுவது எங்களுக்கும் கேட்கும்.

"ஓம், வாகனம் சரி... பாதை திறந்த உடன வெளிக்கிடுவன்... ஓம், சாப்பிட்டனான்."

பிறகு அந்த அழைப்புகளும் நின்றுவிட்டன.

என் கணவர் ஒருநாள் நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் வந்து மெதுவாகச் சொன்னார். "அவர் செய்யிறது எனக்கு விளங்குது. ஆனா ஒழுங்கைச் சனம் பார்த்துக்கொண்டு நிக்குது. இந்த நேரத்தில வடக்கில இருந்து வந்த ஆள் வாகனத்தை வெட்டி ஒட்டிக்கொண்டு இருந்தா குண்டு வைக்கிறார் எண்டுதானே நினைப்பினம்? நிப்பாட்டச் சொல்லு."

நான் சொல்லவில்லை. அதை எடுத்துவிட்டால் அவரிடம் வேறு என்ன இருக்கும் என்று பயந்தேன். கணவர் சொன்னதும் சரிதான். இரண்டு பேர் முகத்தையும் பார்க்க முடியாமல் அந்தச் சிறிய வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தேன்.

ஊரில் டீசலுக்குத் தட்டுப்பாடு. அதனால் இன்னொரு எண்ணெய்த் தாங்கி வேண்டுமென்று அண்ணாவுக்குத் தோன்றிவிட்டது. பழைய லொறித் தாங்கி ஒன்றைத் தேடிப்பிடித்து, கொட்டாஞ்சேனைக் கராச்சில் வெட்டிச் சிறிதாக்கி, பின்பெட்டிக்கு அடியில் ஒட்டுவித்தார். பிக்கப் ஒழுங்கைக்குத் திரும்பி வந்த மறுநாள் காலை பொலிஸார் வந்தார்கள். யார் சொன்னது என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

அண்ணாவுக்குச் சிங்களம் வராது. பொலிஸ் நிலையத்தில் நான்தான் மொழிபெயர்த்தேன்.

"இரண்டாவது தாங்கி எதுக்கு?" என்று கேட்டார் அதிகாரி.

"எங்கட ஊரில டீசல் கிடைக்காது. அங்க ஓடுறதுக்கு" என்றார் அண்ணா.

அதைச் சிங்களத்தில் சொன்னேன். அதிகாரி குரலை உயர்த்தாமல், "உங்கள் ஊருக்குத்தான் பாதையே இல்லையே" என்றார். அதை நான் தமிழில் சொல்லாமல் விட்டேன். அண்ணா என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார். அதன்பிறகு கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார். அவரை உள்ளே வைத்து, பிக்கப்பையும் நிலைய முற்றத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்.

நான் நேரே பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கராச் நடத்தியவர் ஒரு சிங்களவர். மேஸ்திரி என்ற பொருளில் எல்லாரும் 'பாஸ்' என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். தாங்கியை ஒட்டியது தான்தான் என்று பொலிஸில் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று கெஞ்சினேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். "நங்கி, எனக்கும் பயம். என்னையும் பிடிச்சு வச்சா என்ர பிள்ளைகளை யார் பாக்கிறது?" என்றார் தமிழிலேயே. தங்கச்சி என்று கூப்பிட்டுவிட்டு இப்படிச் சொல்கிறாரே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்பதும் தெரிந்தது. வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

அடுத்த நாள் சோற்றுப் பார்சலோடு பொலிஸ் நிலையத்துக்குப் போனபோது, வாசல் வாங்கில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பாஸ் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய மனைவி. அவரை உள்ளே கூப்பிட்டுப் பொழுது சாயும்வரை விசாரித்தார்கள். நானும் அந்தப் பெண்ணும் அந்த வாங்கிலேயே இருந்தோம். கடைசியில், தாங்கியை அங்கேயே வெட்டி எடுத்தால் அண்ணாவை விடலாம் என்றார்கள்.

முற்றத்தில் பிக்கப்புக்கு அடியில் இருவரும் படுத்தார்கள். பாஸ் இரும்பு அறுக்கும் வாளால் அறுக்க, அண்ணா தாங்கியைக் கைகளால் ஏந்திப் பிடித்தார். அது நிலத்துக்கு வந்ததும் ஒரு பொலிஸ்காரர் டோர்ச் அடித்து உள்ளே பார்த்தார். துருவும் கறளும் தவிர ஒன்றுமில்லை.

அன்றிலிருந்து அண்ணா வாகனத்தைத் தொடவில்லை. பாஸ் கொண்டுபோய் நிறுத்திய கராச்சிலேயே அது நின்றது. அவர் முன்னறை யன்னலைச் சாத்திவிட்டு வானொலியோடு இருந்தார். அப்படியே மாதங்களும் வருஷங்களும் போயின. "மச்சான், ஒருக்கா கராச்சுக்குப் போயிட்டு வாங்கோவன்" என்று இப்போது என் கணவர்தான் கேட்பார். "போய் என்ன செய்யிறது?" என்பார் அண்ணா. அந்த அறையைக் கடந்துதான் நாங்கள் வெளியே போக வேண்டும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடப்போம்.

சண்டை முடிந்த பிறகு, அண்ணியும் மகளும் வவுனியாவில் ஒரு முகாமில் உயிரோடு இருப்பதாக உறவினர் ஒருவர் சொன்னார். அவர்களை வெளியே விட இன்னும் பல மாதங்கள் எடுத்தன. விடுவார்கள் என்று தெரிந்த அன்றே அண்ணா எழுந்து கராச்சுக்குப் போனார். பற்றரி இறந்திருந்தது, ரயர்கள் வெடித்திருந்தன. பாஸ் வேறு வாகனங்களில் கழற்றி வைத்திருந்ததையெல்லாம் போட்டு அதை ஓடவைத்தார்.

வவுனியா முகாமுக்கு நானும் கூடப் போனேன். அண்ணி எலும்பும் தோலுமாக வந்தார். மகள் தாயின் உயரத்துக்கு வளர்ந்திருந்தாள். அண்ணா ஓடிப்போய் மகளைப் பிடித்துக்கொண்டார். அண்ணி அவரைப் பார்க்கவில்லை. பிக்கப்பைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதைத் திருத்தத்தானே போனனீங்கள்?"

"ஓம்."

"திருந்திட்டுதோ?"

அண்ணா முன்கதவைத் திறந்து பிடித்தார். அண்ணி ஏறினார். மகள் பின்பெட்டியில் என்னோடு இருந்தாள். வழி நெடுகத் தகரக் கூரை ஓயாமல் அடித்துக்கொண்டு வந்தது.

கொட்டாஞ்சேனையில் ஒரு அறை எடுத்துத் தங்கினார்கள். அண்ணா புறக்கோட்டைக் கடைகளுக்குச் சாமான் ஏற்றினார். பாதை திறந்து, ஊருக்குப் போகலாம் என்று அறிவித்தபோது, எங்கள் வீட்டில் எல்லாருமாக இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "போவமோ?" என்று அண்ணா கேட்டார்.

"என்னால அங்க போகேலாது" என்றார் அண்ணி. "நீங்கள் வேணுமெண்டா போங்கோ."

அண்ணா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். அடுத்த நாள் காலையில் வழக்கம்போலப் புறக்கோட்டைக்குப் போனார்.