காய்ச்சாத தண்ணீர்

ரௌட்ரூப் ஊருக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவன் எய்னார். ஊரார் கூட்டாகச் சேர்ந்து வைத்த தண்ணீர் நிலையம் அது. கிணறு தோண்டக் காரணமாக இருந்தவர் அவன் அப்பா வில்லாட்ஸ், அதனால் சாவி அந்தக் குடும்பத்திலேயே தங்கிவிட்டது. எங்கள் தண்ணீரில் கிருமி கொல்லும் மருந்து கிடையாது என்று ஊருக்கே ஒரு மிதப்பு. நகராட்சியோ எப்போது அதை மூடித் தன் குழாயோடு சேர்க்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மாலை பரிசோதனைக் கூடத்துப் பெண் போன் செய்தாள்.

"உங்க தண்ணியில மலக்கிருமி இருக்குங்க. காய்ச்சிக் குடிக்கச் சொல்லி இப்பவே ஊருக்குச் சொல்லிடுங்க."

"புட்டியை எவனாவது சரியாக் கழுவியிருக்க மாட்டான். வேற எடுத்து அனுப்புறேன்."

புட்டியில் தப்பில்லை என்று அவன் மனசுக்குத் தெரியும். குளிர்காலப் புயலில் தொட்டி மூடி விரிசல் விட்டுப்போய், பலகை ஒன்றை வைத்துக் கல்லைத் தூக்கிப் போட்டிருந்தான். இந்த வாரம் பக்கத்து வயலுக்குப் பன்றிச் சாணம் கரைத்து அடித்தார்கள்; உடனே மழையும் கொட்டியது. இப்போது வாயைத் திறந்தால் நிலையத்துக்குப் பூட்டுத்தான். அதுவும் விடிந்தால் தங்கை போடிலின் கல்யாண வெள்ளிவிழா. தாய் போன பிறகு இவன் தூக்கி வளர்த்த கடைக்குட்டி அவள். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

காலையில் ஊரே போடில் வீட்டு வாசலில், ஊசியிலைக் கிளைகளால் கட்டிய வளைவின் கீழ் நின்று பாடி எழுப்பியது. மாப்பிள்ளை கிரெஸ்தன் தூங்கின உடுப்போடு சிரித்துக்கொண்டே வந்தான். அவனுக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை; அதற்குச் சாப்பிடும் மருந்தில் கிருமியைத் தாங்கும் சக்தி உடம்பில் குறைந்திருந்தது. எல்லாருக்கும் ரொட்டியும் கசப்புச் சாராயமும். அவன் முன்னால் மட்டும் தண்ணீர்க் கூஜா.

"என்ன மச்சான், இத்தனை வருஷமா மாட்டிக்கிட்டு முழிக்கிறவன் நானு. நீங்க ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கீங்க?"

"அண்ணனை வம்புக்கு இழுக்காதீங்க" என்றாள் போடில். "டாக்டர் நிறையத் தண்ணி குடிக்கச் சொன்னாரில்ல? குடிங்க."

"சாராயம்தான் குடுத்து வைக்கல. மச்சான் தண்ணியாவது குடிக்கிறேன்."

எய்னார் வாயைத் திறந்தான். சுற்றிலும் ஊர் முகங்கள். அதற்குள் கிரெஸ்தன் டம்ளரைக் காலி செய்துவிட்டான். அதே கூஜாவிலிருந்து தனக்கும் ஊற்றிக் குடித்தான். வாடை இல்லை, ருசியும் எப்போதும்போல. ஒன்றும் ஆகாது என்று தனக்கே சொல்லிக்கொண்டான்.

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊரில் பாதிப் பேருக்கு வயிறு போனது. திங்கட்கிழமை நகராட்சி ஆட்கள் வந்து, வெள்ளிக்கிழமையே இவனுக்குச் சொல்லியாயிற்றே என்று ஊரார் முன்னால் சொன்னார்கள். அதற்குள் கிரெஸ்தன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். மாற்றிவைத்த சிறுநீரகம் நின்றுபோயிற்று, அவனும் போய்விட்டான்.

வளைவுக்கு வெட்டிய மரத்துக் கிளைகளையே குழிக்குள்ளும் விரித்தார்கள். அடக்கம் முடிந்து ஊர்க்கூடத்தில் காபி. எய்னாரை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அவன் பக்கத்து நாற்காலிகளில் யாரும் உட்காரவும் இல்லை. போடில்தான் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"குடிண்ணே. பயப்படாதே, காய்ச்சினதுதான்."

டம்ளர் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அவன் குடித்து முடிக்கும்வரை அவள் அங்கேயே நின்றாள்.