ராஜினாமா அக்காவுக்கு ஒரு டீ

மாநில அரசியலை இருபது ஆண்டுகளாக எழுதிவரும் அந்த நிருபருக்குத் தலைமைச் செயலகம் வைத்த பெயர் ராஜினாமா அக்கா. அவர் பேட்டி எடுத்த அமைச்சர்கள் மூன்று பேர் அடுத்தடுத்துப் பதவி இழந்ததில் ஒட்டிக்கொண்டது. ஆட்டம் காணும் நாற்காலியாகப் பார்த்துத்தான் அக்கா போனார். அக்கா போனதால்தான் ஆட்டம் கண்டது என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். ஆக, அவர் எழுதினால் ஊரே நம்பியது. அவரிடம் பேசத்தான் ஆளில்லை. "எனக்குப் பதவி கிதவி எதுவும் இல்ல, அதான் தைரியமா குடும்பம் நடத்துறேன்" என்பார் கணவர்.

அன்று அமைச்சரவையில் ஒரு தலை உருளப்போகிறது என்ற செய்தி கசிந்தது. யாருடைய தலை என்பது மட்டும் கசியவில்லை. ஆசிரியர் போனில் சொன்னார்: "ஆறு மணிக்குள்ள பேரு வரணும்மா. போட்டிப் பேப்பர் முந்திக்கிட்டா, நாளையிலேருந்து நீ மழை நிலவரம் எழுது."

அக்கா தலைமைச் செயலக மாடிப்படியில் தாவி ஏறினார். நிதி அமைச்சரின் உதவியாளர் வாசலிலேயே மறித்து, "ஐயா இல்லீங்க" என்றார். உள்ளே ஐயா யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். கல்வி அமைச்சர் அக்காவைக் கண்டதும் மேலே போகிற லிஃப்டில் புகுந்துகொண்டார். அவர் கார் கீழே நின்றது. கழிவறைக்குள் போன வேளாண் அமைச்சர் வெளியே வரவே இல்லை.

போக்குவரத்து அமைச்சரின் கதவு மட்டும் விரியத் திறந்திருந்தது.

"வாங்கம்மா, உக்காருங்க. டீ சொல்லவா?"

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னைப் பார்த்தா காத தூரம் ஓடுவீங்களே?"

"இனிமே ஓடி என்ன ஆகப்போகுது?"

மணி ஆறை நெருங்கியது. அந்த நேரம் பார்த்து அக்காவின் கைபேசியும் சார்ஜ் இல்லாமல் அணைந்தது. அமைச்சர் மேஜைத் தொலைபேசியை அவர் பக்கம் தள்ளினார். "நாளைக்குக் காலை வரைக்கும் இது என்னோடதுதான்."

ஆளை எதிரே வைத்துக்கொண்டே அவர் பதவி போகும் செய்தியை அக்கா ஆசிரியரிடம் ஒப்பிக்கத் தொடங்கினார். குரலைத் தாழ்த்தினார், வேகத்தைக் குறைக்கவில்லை. "இரண்டு முறை எம்.எல்.ஏ.வாக இருந்த..."

"மூணு" என்றார் அமைச்சர். "படம் நல்லதாப் போடச் சொல்லுங்க. போன தடவை கொட்டாவி விடுறதைப் போட்டுட்டாங்க."

அக்கா அதையும் சொன்னார்.

"பேரு உறுதியா? யாரும்மா சொன்னது?" ஆசிரியரின் குரல் அறைக்கே கேட்டது.

அக்கா அமைச்சரைப் பார்த்தார். அவர் உதட்டில் விரல் வைத்து, மெல்ல எடுத்துக் கொடுத்தார்: "நம்பத்தகுந்த வட்டாரம்னு சொல்லுங்க."

"நம்பத்தகுந்த வட்டாரம், சார்."

"போதும். முதல் பக்கம் உனக்குத்தான்."

வட்டாரம் டீக்கு மணி அடித்தது.