காத்திருக்கும் நேரம்

கூட்ட அறையின் நீள மேசைமேல் இருந்த தொலைபேசியின் பக்கம் குனிந்து, "புதன்கிழமை" என்ற ஒரே ஒரு சொல்லைச் சொல்ல அவர் முயன்றுகொண்டிருந்தார். கண்களை இறுக மூடியிருந்தார். சேர்ந்துகொண்ட உதடுகள் பிரியவில்லை. தொலைபேசியிலிருந்து பதிவுசெய்த பெண்குரல் இனிமையாகச் சொன்னது: "மன்னிக்கவும், எதுவும் கேட்கவில்லை. எந்தக் கிழமை வர விரும்புகிறீர்கள்?" அவர் மறுபடியும் முயன்றார். குரல் மறுபடியும் மன்னிப்புக் கேட்டது. மூன்றாம் முறை மன்னிப்புக்கூடக் கேட்காமல் நன்றி சொல்லி இணைப்பைத் துண்டித்தது. அதன் பிறகுதான் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்தது. யாருமில்லாத தொலைபேசியிடம் முழுசாக, தெளிவாக, "புதன்கிழமை" என்றார்.

அவர் என் பக்கத்து இருக்கைக்காரர். திருச்சியில் படித்துவிட்டு வேலைக்காகக் கடல் கடந்து இங்கே வந்தவர். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். சிராங்கூன் சாலையிலிருந்து பிரிந்துபோகும் ஒரு சந்தில், மாடியில் இருந்த சிறிய மென்பொருள் நிறுவனத்தில் நாங்கள் சில ஆண்டுகள் அருகருகே உட்கார்ந்து நிரல் எழுதினோம். அவருக்குத் திக்குவாய். கை நீட்டினால் தொடும் தூரத்தில் நான் இருந்தும் கணினியில் செய்தி அனுப்பித்தான் பேசுவார். எழுத்தில் அவரைப்போல அரட்டை அடிப்பவரை நான் பார்த்ததில்லை. கீழே கறிவேப்பிலை விற்பவருக்கும் தள்ளுவண்டிக்காரருக்கும் நடக்கும் சண்டையை ஜன்னல் வழியாகப் பார்த்து, கிரிக்கெட் வர்ணனைபோல எழுதி அனுப்புவார். நான் சத்தமாகச் சிரித்துவிட்டு எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி மாட்டிக்கொள்வேன். அவர் முகத்தை வைத்துக்கொண்டிருக்கும் விதத்தில் யாருக்கும் சந்தேகமே வராது.

மதியம் தேக்கா சந்தையின் உணவுக்கடைகளில் சாப்பிடும்போது எப்போதும் டீதான் வாங்குவார். ஒருநாள் என் காப்பியை அவர் பார்த்த பார்வையைக் கண்டு, "உங்களுக்கும் ஒண்ணு சொல்லவா?" என்று கேட்டேன். சிரித்தார். "எனக்குக் கா...காப்பிதான் புடிக்கும். ஆனா வாய் டீ வரைக்கும்தான் விடுது" என்றார். அந்தச் சொல்லுக்காகப் பின்னால் நிற்கும் வரிசையைக் காக்கவைக்க அவருக்கு மனமில்லை.

அப்போது நாங்கள் செய்துகொண்டிருந்தது, மறுவாழ்வுச் சிகிச்சை தரும் சில மருந்தகங்களுக்கான, அதாவது கிளினிக்குகளுக்கான, தொலைபேசி முன்பதிவு. ஆள் இல்லாமல் நிரலே கேள்வி கேட்டு, பதிலைக் கேட்டு, நேரம் ஒதுக்கித் தரும். அதில் கேள்விகளைக் கேட்பதற்கென்று ஒரு கிளாஸ் இருந்தது. எங்கள் தொழில் தெரியாதவர்களுக்கு, கிளாஸ் என்பதை ஓர் அச்சு என்று சொல்லலாம். ஒருமுறை செய்துவிட்டால் அதிலிருந்து வேண்டிய அளவு கேள்விகளை வார்த்துக்கொள்ளலாம். பெயர் கேட்கும் கேள்வி, கிழமை கேட்கும் கேள்வி எல்லாம் ஒரே அச்சில் வந்தவை. பதிலுக்காக எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதும் அந்த அச்சுக்குள்ளேயே மூன்று விநாடி என்று பதிந்துகிடந்தது. யார் எழுதியது என்று தெரியவில்லை. யோசித்து எழுதியதாகவும் தோன்றவில்லை. வெளியிலிருந்து அதை யாரும் மாற்ற முடியாது.

அந்த எண்ணை வெளியே எடுத்து, தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் அமைப்பாக வைக்கலாம் என்று பக்கத்து இருக்கைக்காரர் மேலாளருக்கு எழுதினார். எங்கள் மேலாளர் நல்ல மனிதர்தான், ஆனால் கெடு நெருங்கினால் அவர் காதில் வேறெதுவும் விழாது. என் மேசைக்கே வந்து, "எதுக்கு லா இது? அமைப்பு ஒண்ணு சேர்த்தா சோதனை பத்து சேர்க்கணும். மூணு விநாடி போதும். பேரைச் சொல்ல யாருக்கு அதுக்கு மேல ஆகும்?" என்று ஊர் வழக்கப்படி 'லா' சேர்த்து என்னிடம் கேட்டார். கேள்வி கேட்ட பிறகுதான் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு போய்விட்டார். அவர் போனதும் என் திரையில் செய்தி வந்தது: "எனக்கு ஆகும்."

வாடிக்கையாளருக்குச் செய்துகாட்டும் நாளில், எல்லாம் ஒழுங்காக ஓடி முடிந்து மேலாளர் மலர்ந்த முகத்தோடு, "யாராவது முயன்று பார்க்கிறீர்களா?" என்று கேட்டார். வந்தவர்களைத்தான் கேட்டார். கை தூக்கியது என் பக்கத்து இருக்கைக்காரர். கூட்டங்களில் அவர் வாய் திறந்து நான் அதுவரை பார்த்ததில்லை. தொடக்கத்தில் நான் சொன்ன 'புதன்கிழமை' அப்போது நடந்ததுதான். இணைப்பு அறுந்த பிறகு அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். காது சிவந்திருந்தது. ஆனால் தலை குனியவில்லை.

மருந்தகத்தின் சார்பில் வந்திருந்த தலைமைத் தாதி ஒரு மலாய்ப் பெண்மணி, தமிழ் நன்றாகப் பேசுவார். அவர் மேலாளரிடம் சொன்னார்: "எங்ககிட்ட வர்றவங்கள்ல நிறையப் பேர் பக்கவாதம் வந்து பேச்சு போய், மறுபடி பேசக் கத்துக்கிறவங்க. இது அவங்க எல்லாரையும் வெட்டிவிட்டுடும். கொஞ்சம் காத்திருக்க வைக்க முடியாதா?" மேலாளர், அது உள்ளே ஊறிப்போன எண், மாற்ற நாளாகும் என்று ஆரம்பித்தார். "மு...மு..." என்றது என் பக்கத்து இருக்கைக்காரரின் குரல். மேலாளர் நிறுத்தினார். அந்த அறையில் அன்று எல்லோரும் காத்திருந்தார்கள். "முடியும். எழுதி வெச்சிருக்கேன்" என்றார்.

சொன்னது உண்மை. வேண்டாம் என்று சொல்லப்பட்ட பிறகும், வீட்டில் உட்கார்ந்து தனியாக எழுதிப் பார்த்திருக்கிறார். அன்று மதியம் தேக்காவில் நான் வழக்கம்போல வரிசையில் நிற்கப் போனபோது என் கையைத் தட்டிவிட்டு அவரே முன்னால் போனார். அந்தக் "கா" வருவதற்கு வெகுநேரம் ஆயிற்று. பின்னால் ஒருவர் உச்சுக்கொட்டினார். கடைக்கார அண்ணன் மட்டும் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "மெதுவா சொல்லுங்க தம்பி, பால் இன்னும் பொங்கல" என்றார்.

அவர் எழுதியிருந்த முறை அழகானது. அச்சுக்கென்று ஒரு பொதுவான காத்திருக்கும் நேரம். ஒரு மருந்தகம் விரும்பினால் தனக்கு மட்டும் அதை மாற்றிக்கொள்ளலாம். ஒரு நோயாளிக்கு மட்டும் தனியாகவும் வைக்கலாம். பதிவான எண்ணிலிருந்து அழைத்தால் யாரென்று நிரலுக்குத் தெரிந்துவிடும், அவருக்குரிய பொறுமையோடு பேசும். சோதனைகளை நான் எழுதினேன். எல்லாம் தேறின. மருந்தகத்தில் ஒரு வாரம் முன்னோட்டமாக ஓடவிட்டோம்.

வார முடிவில் தாதி அழைத்து, "இயந்திரம் நல்லா மரியாதை கத்துக்கிட்டது. எல்லார்கிட்டயும் நிதானமா பேசுது" என்றார். எல்லாரிடமுமா? உடனே நிரலைத் திறந்து பார்த்தோம். நிதானமாகப் பேசுபவர் ஒருவருக்காக வைத்த பத்து விநாடி, தனிப் பிரதி எடுக்கப்படாமல் அச்சிலேயே போய் ஏறியிருந்தது. ஒருவருக்காகச் செய்த மாற்றம் எல்லோருக்கும் ஆகிவிட்டது. என் சோதனைகள் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தனவே தவிர, ஒருவருக்குப் பின் இன்னொருவரைக் கேட்டுப் பார்க்கவில்லை. இருவரும் தலையில் கைவைத்து உட்கார்ந்து, அன்றே சரிசெய்தோம். மேலாளரிடம் சொல்லப் போனபோது திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன்.

பக்கத்து இருக்கைக்காரர் வேறொன்றுக்குத் தயாராக வந்திருந்தார். மேலாளர் பேசி முடித்ததும் மெல்ல ஆரம்பித்தார். "ஒரு வாரம் எல்லாருக்கும் பத்து விநாடி. யா...யாராவது புகார் சொன்னாங்களா?" மேலாளர் யோசித்தார். யாரும் சொல்லவில்லை. வேகமாகப் பேசுகிறவர்கள் வேகமாகப் பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். மிச்ச நேரம் இருந்ததே அவர்களுக்குத் தெரியாது. "அப்ப அதையே பொதுவா வெச்சிடலாம். நேரத்தை மாத்திக்கிற அமைப்பு இருக்குன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாதவங்களும் பேசணுமில்ல?" மேலாளர் தலையாட்டினார். பிறகு, "சரி லா. வெச்சிடு" என்றார். கதவு வரை போனவரைக் கூப்பிட்டு, "அன்னைக்கு நான் உன் பக்கத்துல நின்னு அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றும் சொன்னார்.

அதன்பின் கூட்டங்களில் அவர் பேசத் தொடங்கினார். திக்குவது குறையவில்லை, அவர் அதை மறைப்பதுதான் குறைந்தது. மாலையில் இருவரும் ஈசூனுக்கு ஒரே ரயிலில் திரும்புவோம். கூட்ட நெரிசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கறிவேப்பிலைச் சண்டையை இப்போது வாயாலேயே சொல்வார். எழுத்தில் படித்ததைவிட நன்றாக இருக்கும். முக்கியமான இடத்தில் சொல் வராமல் நிற்கும், நான் என்ன ஆயிற்றோ என்று தவிப்பேன். சில சமயம் வேண்டுமென்றே நிறுத்துகிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

கல்யாணம் ஆனதும் திருச்சிக்கே திரும்பிப் போய்விட்டார். நான் இப்போது வேறு நிறுவனத்தில் ஒரு சிறு குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை, கேம்பல் லேனில் பூ வாங்கிக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து அழைப்பு வந்தது. "ஹலோ" என்றேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. "பொ..." என்று வந்து நின்றது. அவர் மனைவிக்கு அது பிரசவ மாதம்; என்னவென்று எனக்குப் புரிந்துவிட்டது. பூக்காரம்மா மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டிருந்தார். வாங்காமல் ஓரமாக நகர்ந்து, ஒரு காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். "பொண்ணு பொறந்திருக்கா" என்றார்.

பெயர் என்ன என்று கேட்டேன். "வீட்ல எல்லாரும் எனக்குச் சுலபமா வர்ற பேரா தேடினாங்க. வேண்டாம்னுட்டேன். அவளுக்கு எது நல்லாயிருக்கோ அதை வைப்போம், நான் சொல்லிக்கிறேன்னேன்." சிரித்தார். பிறகு மகளின் பெயரை எனக்குச் சொல்ல ஆரம்பித்தார். சின்னப் பெயர்தான். அவர் அதைச் சொல்லி முடிக்கும்வரை தெருவில் ஆட்கள் என்னை இடித்துக்கொண்டும் விலகிக்கொண்டும் போனார்கள்.